கழுத்தில் இருப்பது அழுக்கு அல்ல

சித்திரை வெயில். மாலை ஆறு மணிக்கும் கரிசல் காடு சூட்டைக் கக்கிக்கொண்டிருந்தது. கயத்தாறு பக்கத்துக் கிராமம் ஒன்றின் காலனியில் நாங்கள் நடத்தும் மாலை வகுப்பில், பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்திருந்த ஒரு பிள்ளை மட்டும் துப்பட்டாவைக் கழுத்தோடு இறுக்கிச் சுற்றி உட்கார்ந்திருந்தாள்.

"ஏட்டி, இந்த வெக்கையில எதுக்கு இப்படிச் சுத்தியிருக்க?" என்று கேட்டேன். பதில் இல்லை. வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு அவளாகவே வந்தாள். துப்பட்டாவை விலக்கிக் காட்டினாள். பின்கழுத்துத் தோல் தடித்து, வெல்வெட் துணி போலக் கறுத்து, மடிப்பு மடிப்பாக இருந்தது. நடுநடுவே சிவப்புக் கீறல்கள். பீர்க்கங்கூட்டால் தேய்த்த காயம்.

"தேய்க்கத் தேய்க்கக் கறுக்குதுக்கா. எங்கம்மை செங்கல்லக் கொண்டும் தேய்ச்சுப் பாத்துட்டா."

தாடை முழுக்கப் பரு. மேலுதட்டிலும் மோவாயிலும் முடி. நான் கேட்ட பிறகுதான் இன்னொன்றையும் சொன்னாள்: தலைக்கு ஊற்றி நாலு மாதம் ஆகிறது. அவளுக்குக் கழுத்து ஒரு பிரச்சினை, பரு ஒரு பிரச்சினை, மீசை ஒரு சாபம், மாதவிலக்கு வராதது வெளியே சொல்லக் கூடாத ரகசியம். நாலுக்கும் நாலு வைத்தியம் நடந்துகொண்டிருந்தது. கழுத்துக்குப் பீர்க்கங்கூடு, பருவுக்கு மெடிக்கலில் வாங்கிய க்ரீம், முடிக்குக் குப்பைமேனியும் கஸ்தூரி மஞ்சளும், மாதவிலக்குக்கு அம்மன் கோயில் எலுமிச்சம்பழம்.

அவள் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

நான் சொல்ல வருவது இதுதான், தோழர்களே. அந்த நாலும் பெரும்பாலும் ஒரே கோளாறின் நாலு முகங்கள். அதை நோய்க்குறி என்று படிக்க வேண்டிய சமூகம், அழுக்கு என்றும் ஆம்பளைத்தனம் என்றும் படிக்கிறது. இந்தத் தவறான வாசிப்பில் சாதிக்குப் பெரிய பங்கு உண்டு. ஆகவே இதைத் திருத்துவதும் நம் வேலைதான்.

என் கழுத்தின் கதை

இது எனக்குப் புதிய காட்சி அல்ல. எட்டாம் வகுப்பில் ஒரு நாள் காலை, சுத்தம் சோதிப்பதற்காக எங்களை வரிசையில் நிறுத்தினார்கள். நகம் பார்த்தார்கள், தலைமுடி பார்த்தார்கள். என் பின்கழுத்தைப் பார்த்ததும் என்னை மட்டும் முன்னால் அழைத்து, திரும்பி நிற்கச் சொன்னார் அந்த ஆசிரியர். "பாருங்க, இதுதான் குளிக்காத கழுத்து. காலனியில தண்ணியா இல்ல?" வகுப்பு சிரித்தது. என் தோழிகளும்தான் சிரித்தார்கள். அன்று வீட்டுக்குப் போய் ரத்தம் வரத் தேய்த்தேன்.

பதினெட்டு வருடம் கழித்து, 31 வயதில், வேறொரு காரணத்துக்காகப் போன இடத்தில் ஒரு மருத்துவர் என் கழுத்தைப் பார்த்துவிட்டு, "இது எவ்வளவு நாளா இருக்கு?" என்று கேட்டார். என் கழுத்தைப் பார்த்து ஒருவர் கேட்ட முதல் கேள்வி அது. அதுவரை வந்ததெல்லாம் தீர்ப்புதான். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். 6.1 வந்தது. 5.7-ஐத் தொட்டால் நீரிழிவின் வாசல், 6.5 என்றால் வீட்டுக்குள் வந்துவிட்டது. நான் வாசலைத் தாண்டி நடையில் நின்றிருந்தேன். என் கழுத்து பதினெட்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்ததை யாரும் படிக்கவில்லை. சமூகவியலில் முதுகலை வாங்கிய நானும் படிக்கவில்லை.

உடலுக்குள் நடப்பது

நாம் சாப்பிடும் சோறு சர்க்கரையாகி ரத்தத்தில் கலக்கிறது. அந்தச் சர்க்கரையைத் தசைகளுக்குள் அனுப்பக் கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. சிலருடைய உடலில் தசையும் கல்லீரலும் இன்சுலின் சொல்வதைச் சரியாகக் கேட்பதில்லை. இதைத்தான் இன்சுலின் எதிர்ப்பு என்கிறார்கள். கணையம் விடாது. ஒரு பங்கு போதவில்லை என்றால் இரண்டு பங்கு, மூன்று பங்கு சுரந்து வேலையை முடித்துவிடும். அதனால் சர்க்கரை அளவு பல வருடம் சரியாகவே இருக்கும். "சுகர் நார்மல்" என்று சீட்டில் வரும். ஆனால் ரத்தத்தில் இன்சுலின் அளவுக்கு மீறி ஓடிக்கொண்டிருக்கும்.

தசை கேட்காத அந்தச் சொல்லைச் சினைப்பை மட்டும் நன்றாகக் கேட்கிறது. மிதமிஞ்சிய இன்சுலின் சினைப்பையைத் தூண்டி, டெஸ்டோஸ்டிரோனைக் கூடுதலாகச் சுரக்க வைக்கிறது. இதை ஆண் ஹார்மோன் என்று பாடப்புத்தகம் சொல்லிக்கொடுத்துவிட்டது. உண்மையில் எல்லாப் பெண்கள் உடலிலும் அது உண்டு, அளவுதான் வேறு. ரத்தத்தில் அந்த ஹார்மோனைப் பிடித்து வைத்திருக்கும் ஒரு புரதத்தைக் கல்லீரல் உற்பத்தி செய்கிறது. இன்சுலின் கூடினால் அந்தப் புரதம் குறைகிறது. பிடிக்க ஆளில்லாத ஹார்மோன் தோலுக்கு வந்து சேர்கிறது.

தோலில் எண்ணெய்ச் சுரப்பிகள் கூடுதலாக வேலை செய்து துளைகள் அடைபடுகின்றன. அது பரு. மோவாய், மேலுதடு, மார்பு, அடிவயிறு ஆகிய இடங்களில் பூனைமுடியாக இருந்தது தடித்த கறுப்பு முடியாகிறது. அதே ஹார்மோன் தலையில் முடியை மெலிய வைக்கிறது. சினைப்பையில் முட்டை முழுதாக வளர்ந்து வெளியேறுவதில்லை, மாதவிலக்கு தள்ளிப்போகிறது. பாதி வளர்ந்து நின்றுபோன முட்டைப் பைகள்தான் ஸ்கேனில் முத்துமாலை போலத் தெரிகின்றன. அதைத்தான் ஊரில் "நீர்க்கட்டி" என்கிறோம். அவை உண்மையில் கட்டிகள் அல்ல. "வயித்துல கட்டியாம்" என்று தாய்மார்கள் பயப்படுவதற்கு இந்தப் பெயரே ஒரு காரணம். மருத்துவர்கள் சொல்லும் பெயர் பி.சி.ஓ.எஸ்.

கழுத்தின் கறுப்புக்கு இன்சுலினே நேரடிக் காரணம். அது தோலின் மேற்புறச் செல்களைத் தூண்டுகிறது. அவை பெருகித் தடித்துக் கறுக்கின்றன. கழுத்து, அக்குள், தொடையிடுக்கு என மடிப்புள்ள இடங்களில் அது வரும். மருத்துவப் பெயர் அகாந்தோசிஸ் நைக்ரிகன்ஸ். அங்கே தூசி இல்லை, சோப்புக்கு வேலையில்லை. தேய்த்தால் புண்ணாகி இன்னும் கறுக்கும். உள்ளே இன்சுலின் குறைந்தால்தான் வெளியே கறுப்பு மங்கும்.

ஒரு எச்சரிக்கை. பரு வந்த பிள்ளைக்கெல்லாம் இந்தக் கோளாறு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பதின்பருவத்தில் பரு சாதாரணம். சில குடும்பங்களில் பெண்களுக்கு முடி கூடுதல். தைராய்டு கோளாறிலும் மாதவிலக்கு தவறும். இன்சுலின் எதிர்ப்பு இல்லாமலும் பி.சி.ஓ.எஸ் வரலாம், ஒல்லியான பெண்ணுக்கும் வரலாம். ஆனால் இந்த நாலும் ஒரே பிள்ளையிடம் கூடி வந்தால், அவளுக்கு வேண்டியது மருத்துவர்.

இது அரிதான நோயும் அல்ல. உலகில் குழந்தை பெறும் வயதில் உள்ள பெண்களில் நூற்றுக்கு 8 முதல் 13 பேருக்கு இது இருக்கலாம் என்றும், அவர்களில் 70 விழுக்காடு வரை தங்களுக்கு இருப்பதே தெரியாமல் வாழ்கிறார்கள் என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருக்கிறது. இந்தியாவின் பல பகுதிகளில் 18 முதல் 40 வயது வரையான 9,824 பெண்களிடம் நடத்தி 2024-இல் வெளியான ஆய்வு, பழைய கடுமையான அளவுகோலில் 7.2 விழுக்காடு என்றும், இப்போது பரவலாகப் பயன்படும் அளவுகோலில் 19.6 விழுக்காடு என்றும் சொல்கிறது. பின்னதைக் கொண்டால் ஐந்து பெண்களில் ஒருவர்.

மருத்துவ உலகமே இந்த இணைப்பைப் பிடிக்க நெடுநாள் ஆனது. 1921-இல் பாரிஸில் அஷார், தியேர் என்ற இருவர் இதைக் கவனித்து எழுதியபோது வைத்த பெயர் "தாடி வைத்த பெண்களின் நீரிழிவு". 1935-இல் சிகாகோவில் ஸ்டைனும் லெவென்தாலும் சினைப்பையைப் பார்த்தார்கள், சர்க்கரையை விட்டுவிட்டார்கள். 1980-இல்தான் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகர ஆய்வாளர்கள் மூவர், கூடுதல் இன்சுலினும் கூடுதல் டெஸ்டோஸ்டிரோனும் இந்தப் பெண்களிடம் சேர்ந்தே ஏறுவதை அளந்து காட்டினார்கள். பெண்ணின் முகத்தில் தாடியைப் பார்த்த கண், அவள் ரத்தத்தைப் பார்க்கச் சுமார் 60 வருடம் ஆயிற்று. நம் ஊரில் அந்த அறுபது வருடம் இன்னும் முடியவில்லை.

ஒரே குறி, இரண்டு வாசிப்பு

இந்தக் கோளாறு எல்லாச் சாதிப் பெண்களுக்கும் வருகிறது. இது தலித் நோய் என்று நான் சொல்லவில்லை. வித்தியாசம், அதைப் பார்க்கிறவர்கள் அதற்கு என்ன பெயர் வைக்கிறார்கள் என்பதில் இருக்கிறது. ஊர்த்தெருவில் மாடி வீட்டுப் பிள்ளைக்குக் கழுத்து கறுத்தால், "ஹார்மோன் பிராப்ளமாம், திருநெல்வேலியில காட்டுறாக" என்று பேச்சு. காலனிப் பிள்ளைக்குக் கறுத்தால், "அதுக குளிக்குமா?" என்று பேச்சு. முன்னவளுக்கு நோய் வருகிறது. பின்னவளுக்கு அழுக்கு சேர்கிறது. அழுக்கு, கறுப்பு, நாற்றம் ஆகிய மூன்றையும் நம் உடலோடு ஒட்டிவைத்துத்தான் தீண்டாமை இத்தனை நூற்றாண்டு நின்றது. அந்தப் பசை இன்னும் காயவில்லை.

நாங்குநேரியில் 2023-இல் ஒரு மாணவன் சக மாணவர்களால் வெட்டப்பட்ட பிறகு, பள்ளிகளில் சாதி பற்றி ஆராய நீதிபதி சந்துரு குழு அமைக்கப்பட்டது. 2024 ஜூனில் அந்த அறிக்கை வந்தது. கையில் கட்டும் வண்ணக் கயிறு, நெற்றிக் குறி என்று சாதி காட்டும் அடையாளங்களைப் பள்ளியில் தடுக்க வேண்டும் என்றது. நாம் அதை வரவேற்றோம். ஆனால் கயிறு அவிழ்க்கக் கூடியது. கழுத்தை எங்கே கழற்றி வைப்பது? பையன்கள் கட்டிக்கொண்டு வருகிற சாதியைப் பற்றி நிறையப் பேசிவிட்டோம். பெண் பிள்ளைகளின் தோலில் மற்றவர்கள் படிக்கிற சாதியைப் பற்றி நாம் பேசத் தொடங்கவே இல்லை.

அதே 2024 ஏப்ரலில் உத்தரப் பிரதேசத்தில் பத்தாம் வகுப்பில் மாநில முதலிடம் பெற்ற மாணவியை நினைவிருக்கிறதா? 600-க்கு 591. நாடே அவள் மதிப்பெண்ணை விட்டுவிட்டு மேலுதட்டு முடியைப் பேசியது. அவள் பெயரை நான் இங்கே எழுதவில்லை, பட்டது போதும். அவளுக்கு எந்த நோயும் இருக்கிறது என்று சொல்ல நமக்கு உரிமையும் இல்லை. முதலிடம் பெற்றவளுக்கே இந்தக் கதி என்றால், முதல் தலைமுறையாகப் பள்ளிக்கூடம் ஏறும் நம் பிள்ளை நாளைக்குப் படிப்பை நிறுத்த இன்னொரு காரணம் வேண்டுமா?

ஏன் நம் உடலில்?

புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக் 1990-களிலிருந்து கிராமத்துத் தாய்மார்களையும் அவர்கள் பிள்ளைகளையும் தொடர்ந்து ஆராய்ந்துவருகிறார். அங்கே பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் பிறந்தவை 3.5 கிலோ. இந்தியக் குழந்தைகளிடம் குறைந்திருந்தது பெரும்பாலும் தசை. கொழுப்பு அவ்வளவு குறையவில்லை. பட்டினி கிடந்த வயிற்றில் வளரும் குழந்தை, கிடைப்பதைச் சேர்த்து வைக்கும் உடலோடு பிறக்கிறது. பிறகு அந்த உடலுக்கு மூன்று வேளையும் வெள்ளைச் சோறும் தேத்தண்ணியும் பன்னும் வந்தால், அது இன்சுலின் எதிர்ப்புக்குப் போகும் வழி.

நம் அம்மாக்களும் ஆச்சிமார்களும் பருத்தி எடுக்கவும் மிளகாய் பறிக்கவும் போய், சட்டியில் மிச்சமிருந்ததைக் கடைசியாகச் சாப்பிட்டவர்கள். அவர்களின் பசி நம் கழுத்தில் எழுதியிருக்கிறது என்று சொன்னால் அது வெறும் உவமை அல்ல. தலித் பெண்கள் ஆதிக்கச் சாதிப் பெண்களைவிடச் சராசரியாக 14.6 ஆண்டு முன்னதாக இறக்கிறார்கள் என்று ஐ.நா. பெண்கள் அமைப்பின் 2018 அறிக்கை சொன்னது. அந்தப் பதினான்கு வருடம் ஒரே நாளில் பறிபோவதில்லை. கவனிக்கப்படாத சின்னச் சின்னக் குறிகளாகத்தான் பறிபோகிறது.

இந்த இடத்தில் சிலர் "சிறுதானியம் சாப்பிடுங்கள், முன்னோர் உணவுக்குத் திரும்புங்கள்" என்று கிளம்புவார்கள். என் ஆச்சிக்குக் கம்பங்கூழும் சோளச்சோறும் விருப்பத்தால் வாய்த்தவை அல்ல. நெல்லுச்சோறு அவளுக்குத் தீபாவளி உணவு. ரேஷன் அரிசி நமக்குக் கிடைத்தது ஒரு வெற்றி. அதைக் கேவலப்படுத்த யாரையும் விடக் கூடாது. இன்று குதிரைவாலி விலையைக் கேட்டுப் பாருங்கள். கரிசலில் விளைந்தது கரிசல்காரன் வாங்க முடியாத விலையில் பாக்கெட்டில் விற்கிறது. பி.சி.ஓ.எஸ்-க்கு இதுதான் சிறந்த உணவு என்று எந்த ஒன்றையும் சொல்ல ஆதாரம் இல்லை என்பதே சர்வதேச மருத்துவ வழிகாட்டுதலின் நிலை. நம் வீட்டில் முடிவதைச் செய்யலாம்: சோற்றைக் கொஞ்சம் குறைத்து முட்டை, பாசிப்பயறு, உளுந்து, தூத்துக்குடியிலிருந்து வரும் சாளைக் கருவாடு, கீரை ஆகியவற்றைக் கூட்டுவது. மாட்டுக்கறி சாப்பிடுகிற வீட்டில் அதுவும் நல்ல புரதம்தான். கேலிக்குப் பயந்து விட வேண்டியதில்லை. தேத்தண்ணியில் சீனியைக் குறைப்பது, குளிர்பானத்தை நிறுத்துவது.

இன்னொன்று, ஓடுவது. தசை வேலை செய்தால் இன்சுலின் சொல்லைக் கேட்கத் தொடங்கும். மருந்தில்லாத மருந்து அதுதான். பதின்பருவத்தினருக்குத் தினம் ஒரு மணி நேரம் உடல் அசைவு வேண்டும். ஆனால் சடங்கு முடிந்த மறுநாளே பெண் பிள்ளையின் விளையாட்டு முடிந்துவிடுகிறது. மணத்தி கணேசனின் கபடியைக் கொண்டாடும் மாவட்டம் இது. நம் பெண் பிள்ளைகளுக்கு அந்தக் களத்தில் ஒரு மாலை நேரமாவது இருக்கிறதா? காலனியில் களம் இருந்தால் பையன்கள் நிற்கிறார்கள்; ஊர்த்தெரு வழியே நடக்கலாம் என்றால் கண்களும் வார்த்தைகளும் நிற்கின்றன. ஒரு நோய்க்கு மருந்து நடை என்றால், நடக்கும் பாதையில் சாதி நிற்பதும் மருத்துவப் பிரச்சினைதான்.

நீரிழிவைப் பணக்காரன் வியாதி என்று இன்னும் சொல்கிறவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள். அண்ணல் அம்பேத்கர் தம் கடைசி ஆண்டுகளை நீரிழிவோடு போராடியே கழித்தார். 1956 டிசம்பர் 6-இல் அவர் போனபோது வயது 65. அந்த நோய்க்கு நாம் இன்னொரு தலைமுறையைக் கொடுக்க வேண்டாம்.

கல்யாணம் மருந்து அல்ல

"கல்யாணம் பண்ணி வச்சா எல்லாம் சரியாப் போயிடும்." நம் வீடுகளில் மட்டுமல்ல, சில மருத்துவமனை அறைகளிலும் இந்த வாக்கியத்தைக் கேட்டிருக்கிறேன். மாதவிலக்கு தவறுகிற பிள்ளைக்கு அவசரமாக மாப்பிள்ளை தேடுவதும், "கொழந்தை வேணும்னா வாங்க, அப்போ பாக்கலாம்" என்று திருப்பி அனுப்புவதும் ஒரே எண்ணத்திலிருந்து வருகின்றன: பெண்ணின் சினைப்பை அவளுக்கானது அல்ல, பிறக்கப்போகும் பிள்ளைக்கானது.

அரசும் இப்படித்தான் பார்க்கிறது. கருவுற்ற எல்லாப் பெண்களுக்கும் சர்க்கரைப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று தமிழ்நாடு 2007-இலேயே ஆணையிட்டது. மருத்துவர் வீ. சேஷய்யா போன்றோரின் உழைப்பில் வந்த, பெருமைப்பட வேண்டிய திட்டம். இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்கிறார்கள். பி.சி.ஓ.எஸ் உள்ள பெண்ணுக்கு வழிகாட்டுதல் பரிந்துரைப்பதும் அதே 75 கிராம் குளுக்கோஸ் பரிசோதனைதான். முதலில் வெறும் வயிற்றில் ஒருமுறையும் ரத்தம் எடுக்க வேண்டும், அவ்வளவே வித்தியாசம். பொருள் இருக்கிறது, ஆள் இருக்கிறார், அனுபவம் இருக்கிறது. பதினாறு வயதுப் பிள்ளைக்கு அந்த டம்ளர் நீட்டப்படுவதில்லை. அவள் கருவுறும்வரை அவள் சர்க்கரை யாருக்கும் அவசரமில்லை.

மாதவிலக்கு பல மாதம் வராமலே இருந்தால் கருப்பையின் உட்சுவர் தடித்து, பிற்காலத்தில் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டும். முப்பது வயதிலேயே நீரிழிவு வரலாம். பிள்ளை பெற விரும்பாத பெண்ணுக்கும் இவை வரும்.

நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

மருத்துவரிடம் வெறுங்கையோடு போகாதீர்கள். தேதிகளைக் குறித்துக்கொண்டு போங்கள். வயதுக்கு வந்து மூன்று வருடம் தாண்டிய பிறகும் 35 நாளுக்கு மேல் தள்ளிப்போகிறதா, அல்லது வருடத்துக்கு எட்டுத் தடவைக்கும் குறைவாக வருகிறதா? முதல் வருடம் கழிந்த பிறகு ஏதாவது ஒருமுறை 90 நாள் தாண்டியதா? 15 வயதாகியும் வயதுக்கு வரவில்லையா? இதில் ஒன்று இருந்தாலும் காட்ட வேண்டும்.

"ஸ்கேன் எடுத்துட்டு வா" என்று சொன்னால், ஏன் என்று பணிவாகக் கேளுங்கள். வயதுக்கு வந்து எட்டு வருடம் ஆகும்வரை பி.சி.ஓ.எஸ் என்று முடிவு செய்ய ஸ்கேனைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது சர்வதேச வழிகாட்டுதல். அந்த வயதில் நல்ல சினைப்பையும் ஸ்கேனில் அப்படித்தான் தெரியும். மாதவிலக்குக் கணக்கும், கூடுதல் முடி அல்லது கடுமையான பரு அல்லது ரத்தத்தில் கூடிய டெஸ்டோஸ்டிரோனும் போதும். கூடவே தைராய்டும் சர்க்கரையும் பார்க்க வேண்டும். தனியார் ஸ்கேன் சென்டரில் கொடுக்கும் ஒரு நாள் கூலியை மிச்சப்படுத்தலாம்.

முகத்துக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் க்ரீமில் ஸ்டீராய்டு இருக்கலாம். முதல் வாரம் வெளுக்கும். போகப் போகப் பருவையும் முடியையும் அதுவே கூட்டும். 2018 மார்ச்சில் ஒன்றிய அரசு இந்த வகைப் பூச்சு மருந்துகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று விதி கொண்டுவந்தது. விதி தாளில் இருக்கிறது, க்ரீம் கடையில் இருக்கிறது.

மருத்துவர் கர்ப்பத்தடை மாத்திரை எழுதினால் அதிர்ச்சி அடையாதீர்கள். மாதவிலக்கை ஒழுங்குபடுத்தவும் முடியைக் குறைக்கவும் பயன்படும் முதல்நிலை மருந்து அது. அந்தப் பெயரைப் பார்த்துவிட்டுக் கல்யாணமாகாத பிள்ளையைச் சந்தேகிக்கிற வீட்டில், மாத்திரையோடு விளக்கமும் வேண்டும். மெட்ஃபார்மின் மாத்திரையும் சிலருக்குத் தருவார்கள். எதுவும் தானாக வாங்கிச் சாப்பிடக் கூடாது. முடி குறைய ஆறு மாதமாவது ஆகும், பொறுமை வேண்டும்.

இரண்டு மறுப்புகள்

"தோழர், கொலையும் வன்கொடுமையும் நடக்கிற மாவட்டத்தில் பருவையும் மீசையையும் பற்றிப் பேசுவதா? இது என்ஜிஓ வேலை" என்று ஒரு நண்பர் கேட்டார். வன்கொடுமை வழக்குக்கு நானும் காவல் நிலையத்தில் நின்றிருக்கிறேன். ஆனால் வெட்டுப்பட்டால் மட்டும்தான் நம் உடல் அரசியலாகுமா? மெதுவாக உள்ளே கெட்டுப்போகும் உடலுக்கு இயக்கத்தில் இடமில்லையா? சொல்லப்போனால், பெண் தோழர்கள் கூட்டத்துக்கு வராததன் காரணங்களில் இதுவும் ஒன்று. மேடையில் நிற்கக் கூச்சப்படுத்தும் கேலி நம் வாட்ஸ்அப் குழுக்களிலும் ஓடுகிறது.

இன்னொரு மறுப்பு மாணவிகளிடமிருந்து வந்தது. "முடி இருந்தா என்னக்கா? ஏன் எடுக்கணும்? நம்மள நோயாளின்னு நாமளே சொல்லணுமா?" நியாயமான கேள்வி. முடியை வைத்துக்கொள்வதும் எடுப்பதும் அவரவர் விருப்பம். கறுப்புத் தோலை வெளுக்க வைக்க வேண்டிய கடமை யாருக்கும் இல்லை. கரிசல் மண்ணை யாரும் தேய்த்துக் கழுவுவதில்லை. நான் கேட்பது அழகுபடுத்துவதற்கு அல்ல. முகத்தை மாற்றாமலே சர்க்கரையைப் பார்க்கலாம். உடல் சொல்வதைக் கேட்பதும் சுயமரியாதைதான்.

இனி செய்ய வேண்டியது

நம் கோரிக்கைகள் பெரிய பட்ஜெட் கேட்பவை அல்ல. 2013 முதல் நடக்கும் பள்ளிச் சிறார் நலப் பரிசோதனைக் குழு வருடந்தோறும் பள்ளிக்கு வருகிறது. 18 வயது வரை பார்க்கிறது. அந்தக் குழுவின் பெண் ஊழியர் ஒவ்வொரு மாணவியிடமும் தனியாக, மாதவிலக்குத் தேதியைக் கேட்டுக் கழுத்தைப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். 2011-இல் அறிவிக்கப்பட்ட புதுயுகம் திட்டத்தில் வளரிளம் பெண்களுக்கு நாப்கின் தருகிறார்கள். நாப்கின் தேவைப்படாத மாதங்கள் எத்தனை என்று கேட்பதற்கு அதைவிட நல்ல இடம் இல்லை. குறி தெரிந்த பிள்ளைக்கு, கருவுற்றவளுக்குத் தரும் அதே குளுக்கோஸ் பரிசோதனை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே வேண்டும். இதை ஆகஸ்ட் 15 கிராம சபையில் தீர்மானமாகக் கொண்டுவர நாங்கள் முயல்கிறோம். உங்கள் ஊராட்சியிலும் செய்யுங்கள்.

ஆண் தோழர்களே, பிள்ளைகளிடம் போய் மாதவிலக்கு விசாரிக்காதீர்கள். அது உங்கள் வேலை அல்ல. களத்தை வாரத்தில் மூன்று மாலை பெண் பிள்ளைகளுக்கு விடுங்கள். கேலியை நிறுத்துங்கள். தீர்மானத்துக்குக் கை தூக்குங்கள்.

அந்தப் பிள்ளையையும் அவள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் போனோம். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அன்றைய கூலி மட்டும்தான் நட்டம். மருத்துவர் பொறுமையாகப் படம் வரைந்து விளக்கினார். திரும்பி வரும்போது அந்த அம்மா நெடுநேரம் பேசவில்லை. கயத்தாறு காற்றாடிகள் தெரியத் தொடங்கியபோது கேட்டார்: "அப்போ இத்தன நாளா எம்மவளப் போட்டுத் தேய்ச்சேனே, அது அழுக்கே இல்லியா தாயி?"

இல்லை என்றேன். மகளின் கழுத்தில் கை வைத்துக்கொண்டு அவர் அழுதார். அந்தப் பிள்ளைக்கு இன்னும் பரு போகவில்லை, மீசையும் அப்படியே இருக்கிறது. போன மாதம் தலைக்கு ஊற்றியிருக்கிறாள். வீட்டில் பீர்க்கங்கூடு இப்போது பாத்திரம் துலக்குகிறது.

உங்கள் தெருவிலும் துப்பட்டா சுற்றிய ஒரு கழுத்து இருக்கும். பெண் தோழர்கள் அவள் பக்கத்தில் போய் உட்காருங்கள். தேய்க்கச் சொல்லாதீர்கள். "கடைசியா எப்போ தலைக்கு ஊத்தின?" என்று மெதுவாகக் கேளுங்கள்.

ஜெய்பீம்.